நிறமும் நிர்வாணமும்: அருளுரையாளர் கருதவேண்டிய சில சொற்கள்

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே கரிசல் நிலத்தில் அமைந்த பேரூர் மல்லாங்கிணறு. அதன் தென்மேற்கே சாத்தூர், சிவகாசி என்று தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் பரவிய பகுதி விரிகின்றது. இவ்வட்டாரத்துச் சபைகளில் ஞாயிறுதோறும் அமர்ந்து திருமறை கேட்போரில் பலர் வெயிலில் உழைப்பவர்கள். வேறு சிலர் பட்டாசு மருந்தின் நடுவே உழைப்பவர்கள். மேற்சட்டையின்றி நிலத்தில் நிற்பது இங்குள்ள ஆடவர்க்கு வெட்கமன்று. வெயிலால் கறுத்த தோலும், அலுமினியப் பொடி படிந்து வெள்ளி பூத்த கைகளும் இங்கு அன்றாடக் காட்சிகள்.

இத்தகைய சபையார் முன்னே நாம் திருமறையை வாசிக்கின்றோம். 'நிர்வாணி' என்ற சொல்லும், 'சிவந்த மேனி' என்ற தொடரும், 'கறுப்பு' என்ற சொல்லும் பலிபீடத்தருகிலிருந்து ஒலிக்கின்றன. மூலமொழியில் அச்சொற்கள் கொண்ட பொருளும், கேட்பவர் செவியில் அவை கொள்ளும் பொருளும் ஒன்றுதானா? இதுவே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா. சொற்பொருள் ஆராய்ச்சி புலவர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு சொல்லினால் சபையிலுள்ள ஒரு பெண் தலைகுனிவதும், அதே சொல்லைச் சரியாக விளக்குவதால் அவள் தலைநிமிர்வதும் நடக்கின்றன. ஆகவே இது மேய்ப்புப் பணியைச் சார்ந்த வினாவுமாகும்.

1. உடையின்மையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

தமிழில் உடையின்மையைக் குறிக்கும் சொற்கள் ஒரே பொருளன போலத் தோன்றினும், ஒன்றினிடத்தில் மற்றொன்றை வைக்க இயலாது. 'வெற்றுடம்பு', 'திறந்த மேனி' என்பன மேலாடை இல்லாமையை மட்டும் கூறுகின்றன. தென்பாண்டி நாட்டுப் பேச்சில் 'மேல்' என்பதே உடம்பைக் குறிப்பதால், 'வெறும் மேலோடு நிற்கிறான்' என்பர். ஏர் பிடிப்பவனுக்கும், கிணறு வெட்டுபவனுக்கும், கோயிற் பூசகர்க்கும் இச்சொற்கள் பொருந்தும். இவற்றில் இகழ்ச்சி இல்லை. 'பிறந்த மேனி' என்பது முழு உடையின்மையைக் கூறினும், மனிதன் உலகிற்கு வந்த கோலத்தை நினைவூட்டுவதால் அதில் ஒருவகைக் களங்கமின்மை உண்டு.

'அம்மணம்' என்ற சொல்லின் வரலாறு வேறு. இதனை 'அமணம்' என்ற சொல்லோடு இணைத்துக் காண்பது அறிஞரிடையே பொதுவான கருத்து. அமணம் என்பது சமணம். சமணம் என்பது வடமொழிச் 'சிரமணம்' என்பதன் தமிழ் வடிவம். ஆடையையும் உடைமையாகக் கருதித் துறந்த திகம்பர முனிவரின் கோலமே இச்சொல்லாகியது. மல்லாங்கிணற்று வாசகர்க்கு இது தொலைநாட்டுச் செய்தியன்று. காரியாபட்டி வட்டாரத்துக் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப் பள்ளியை, மதுரைக்கு அருகிலுள்ள சமணமலையின் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. அறம் கற்பித்த அத்துறவியரின் புனிதக் கோலம், சமயப் பூசல்களின் வழியே ஏளனச் சொல்லாகி, இன்று குளியலறையிலிருந்து ஓடிவரும் குழந்தையை 'அம்மணக்கட்டை' என்று அழைக்கும் அளவில் வந்து நிற்கின்றது. ஒரு சமயத்தார் மேன்மையாகக் கொண்டதை மற்றொரு சமயத்தார் வசையாக்கிய வரலாறு அச்சொல்லுக்குள் உறைகின்றது.

'நிர்வாணம்' அதனினும் வியப்பூட்டுவது. வடமொழியில் இதன் முதற்பொருள் விளக்கு அணைவதுபோல அணைந்துபோதல் என்பதாம். பௌத்தர் இதனை ஆசையின் தீ அவிந்த விடுதலை நிலைக்குப் பெயராக்கினர். சைவரும் 'நிர்வாண தீட்சை' என்று உயர்ந்த தீட்சையைக் கூறுவர். தமிழில் இச்சொல் வீடுபேறு என்ற பொருளோடு, உடையின்மை என்ற பொருளையும் ஏற்றது. இன்றைய வழக்கில் இரண்டாவது பொருளே மிக்கது. ஆக, தமிழ்க் கிறிஸ்தவர் வெட்கத்தோடு வாசிக்கும் இச்சொல், அயலார் சமயத்தில் பேரின்பத்தின் பெயராகும். பல்சமயச் சூழலில் பணியாற்றுவோர் இதனை மறத்தலாகாது.

உடையின்மையைக் கொண்டு பிறரைப் பெயரிட்டழைக்கும் வழக்கமும் பழமையானது. முதலாம் இராசேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டில் அவன் வென்ற இடங்களுள் ஒன்றாக 'நக்கவாரம்' கூறப்படுகின்றது. அது இன்றைய நிக்கோபார். 'நக்கம்' என்பது உடையின்மையைக் குறிக்கும் வடமொழிச் சொல்லின் திரிபு என்பர். தாம் உடுத்தும் முறையில் உடுத்தாதவரை உடையற்றவர் என்று பெயரிடுவது வலியவர் வழக்கம் போலும்.

2. எபிரெயமும் கிரேக்கமும் கூறுவன

பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் இப்பொருளில் மூன்று சொற்கள் முதன்மையானவை. முதலாவது 'ஆரோம்'. ஆதியாகமம் 2:25இல் முதற் பெற்றோர் வெட்கமின்றி இருந்த நிலையைக் கூறும் சொல் இதுவே. அடுத்த வசனத்திலேயே பாம்பின் தந்திரத்தைக் கூற 'அரூம்' என்ற சொல் வருகின்றது. ஆரோம், அரூம் என்னும் ஒலியொற்றுமை தற்செயலானதன்று. ஒளிவற்ற எளிமையையும் ஒளித்துவைக்கும் தந்திரத்தையும் ஆசிரியர் அருகருகே நிறுத்துகின்றார். தமிழில் 'நிர்வாணி' என்றும் 'தந்திரம்' என்றும் வாசிக்கும்போது இந்த ஒலிநயம் மறைந்துவிடுகின்றது. அருளுரையாளர் அதனை எடுத்துக் கூறினாலன்றிச் சபையார் அறிய வழியில்லை.

இரண்டாவது 'ஏரோம்'. 3:7, 10, 11 ஆகிய வசனங்களில், கீழ்ப்படியாமைக்குப் பின் அவர்கள் தங்களைக் கண்டபோது வருவது இச்சொல். உபாகமம் 28:48இல் பசி, தாகம் ஆகியவற்றோடு சேர்த்து, பகைவர்க்கு அடிமைப்பட்டோரின் இல்லாமையைக் கூறவும் இதுவே வருகின்றது. எனவே ஏரோம் என்பது ஆரோமைப் போலன்றி, இழப்பின் நிறமேறிய சொல். நமது பழைய மொழிபெயர்ப்பு 2:25, 3:7 ஆகிய ஈரிடத்திலும் 'நிர்வாணிகள்' என்றே கூறுவதால், வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும் நிலை ஒன்றே, உணர்ச்சி மட்டும் மாறிற்று என்று கேட்போர் எண்ணக்கூடும். மூலத்தில் சொல்லே சற்று மாறுகின்றது.

மூன்றாவது 'எர்வா'. இது வெளிப்படலாகாத மறைவையும், அதனை வெளிப்படுத்துவதால் வரும் இழிவையும் குறிக்கும். நோவாவின் கூடாரத்திலும் (ஆதி. 9:22), லேவியராகமம் 18ஆம் அதிகாரத்தின் தடைகளிலும் வருவது இதுவே. யோசேப்பு தன் சகோதரரை வேவுகாரர் என்று கடிந்தபோது 'தேசத்தின் எர்வா' என்ற தொடரை ஆள்கின்றான் (ஆதி. 42:9). அங்கே நமது மொழிபெயர்ப்பாளர் நிர்வாணம் என்னாது, தேசம் 'திறந்து' கிடப்பதாகக் கூறியது பாராட்டத்தக்கது.

புதிய ஏற்பாட்டின் 'கும்நோஸ்' என்ற கிரேக்கச் சொல் இன்னும் பரந்த எல்லையுடையது. முழு உடையின்மை, மேலாடையின்மை, போதிய உடையின்மை, மறைப்பின்மை ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். யோவான் 21:7இல் பேதுரு கும்நோஸாக இருந்தான் என்பது, மீன்பிடிப்பவன் வேலைக்கு வசதியாக மேலங்கியைக் களைந்திருந்தான் என்பதே. தமிழ்நாட்டின் எந்தக் கடற்கரையிலும் காணத்தக்க கோலம் அது. 1 கொரிந்தியர் 15:37இல் விதைக்கு அடைமொழியாக இதே கும்நோஸ் வருகின்றது. அங்கே தமிழ் மொழிபெயர்ப்பு அழகாக 'வெறும்' விதை என்கின்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். 1871ஆம் ஆண்டு வெளிவந்த ஒன்றியத் திருப்புதலின் வழிவந்த நமது பழைய மொழிபெயர்ப்பு, எல்லாவிடத்தும் நிர்வாணம் என்று எழுதவில்லை. இரக்கத்திற்குரிய ஏழையைக் கூறுமிடத்தில் 'வஸ்திரமில்லாத' என்று எழுதுகின்றது: ஏசாயா 58:7, மத்தேயு 25:36, யாக்கோபு 2:15 ஆகியவை சான்று. கடவுள்முன் மறைக்கவியலாத நிலையையோ, ஆவிக்குரிய வறுமையையோ கூறுமிடத்தில் 'நிர்வாணம்' என்கின்றது: எபிரெயர் 4:13, வெளிப்படுத்தல் 3:17 ஆகியவை சான்று. ஏழைக்கு இழிசொல் சூட்டலாகாது என்னும் உணர்வு இத்தேர்வில் இருந்ததாகக் கொள்ளலாம். மூலத்தில் வேர் ஒன்றே. தமிழில் சொல் இரண்டு. கூடாரத்தையும் ஆடையையும் இழந்தவனை வஸ்திரமில்லாதவன் என்றால், 'வஸ்திரம் கொடு' என்ற கட்டளை அச்சொல்லிலேயே அடங்கிவிடுகின்றது. யோபு 1:21இலோ 'நிர்வாணி' என்று இருப்பினும், தாயின் கருவைச் சுட்டும் அவ்விடத்தின் கருத்திற்கு நமது 'பிறந்த மேனி' என்னும் வழக்கு மிக நெருங்கியது.

3. ஆடையைக் களைந்தவர் யார்?

மேற்கூறிய வேறுபாடுகளை ஒரே வினாவில் தொகுக்கலாம்: இவ்வுடலிலிருந்து ஆடையைக் களைந்தவர் யார்? ஒருவரும் களையாத படைப்பின் நிலை ஒன்று. உழைப்புக்காகவோ துறவுக்காகவோ தானே களைவது மற்றொன்று. வறுமை களைவது வேறொன்று. வலியவர் வலிந்து களைவது பிறிதொன்று. இந்நான்கையும் ஒரே சொல்லால் கூறினால், குற்றம் செய்தவனும் குற்றத்திற்கு ஆளானவனும் ஒன்றாகிவிடுவர்.

தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நடந்த தோள்சீலைப் போராட்டம் இதற்குத் தக்க சான்று. நாடார் முதலிய சமூகங்களின் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவது அங்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. உடையின்மை அவர்களுடைய பண்பாடும் அன்று, தெரிவும் அன்று. தாழ்ந்தவர் என்பதற்கு உடலிலேயே இடப்பட்ட அடையாளம் அது. இலண்டன் மிஷனரி சங்கத்தின் சபைகளைச் சேர்ந்த பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கியபோது, 1820களிலும் மீண்டும் 1858-59லும் அவர்கள் தாக்கப்பட்டனர், ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1829இல் வந்த அரசாணை கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணிவதற்கு மட்டும் இடந்தந்தது. 1859 ஜூலையில் வந்த பிரகடனம் நாடார் பெண்கள் மார்பை மறைக்க உரிமை தந்தது. ஆயினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்ற தடையை விட்டுவைத்தது.

தமிழகத்தின் பல பகுதிகளில் ஆடவர்க்கும் இதுபோன்ற கட்டு இருந்தது. தோளில் கிடக்கும் துண்டை, பெரியவர் எனப்பட்டோர் எதிர்ப்படும்போது எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வது 'மரியாதை' எனப்பட்டது. இங்கே 'வெற்றுடம்பு' என்பது இயல்பான உழைப்பின் கோலமாக இல்லாமல், அடக்குமுறையின் கோலமாகின்றது. சொல் மாறவில்லை, களைந்தவர் மாறினர்.

இதற்கு மறுதலையான சான்றும் நம் அருகிலேயே உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் முழு உடையை விட்டு அரையாடையை மேற்கொண்டார். ஏழையின் உடையைத் தாமே விரும்பி ஏற்ற செயல் அது. 1931இல் சர்ச்சில் அவரை 'அரை நிர்வாணப் பக்கிரி' என்று இகழ்ந்தார். ஒரே உடல், ஒரே கோலம். ஒருவருக்கு அது ஏழையரோடு ஒன்றுதல், மற்றொருவருக்கு அது ஏளனத்திற்குரிய நிர்வாணம். ஏசாயா தீர்க்கர் மூன்றாண்டுகள் ஆடையும் பாதரட்சையுமின்றி நடந்தது (ஏசா. 20) இவ்வகையில் எண்ணத்தக்கது. சிறைபிடிக்கப்படவிருந்த எகிப்தியர், எத்தியோப்பியர் ஆகியோரின் வலிந்து களையப்பட்ட கோலத்தைத் தீர்க்கர் தம் உடலில் தாமே ஏற்றார்.

4. தோலின் நிறத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

உடையைக் களைந்தால் எஞ்சுவது தோல், தோலுக்கு நிறமுண்டு. எனவே உடையின்மையைக் குறிக்கும் சொற்களை ஆராய்ந்தவர் தோல்நிறச் சொற்களையும் ஆராயவேண்டியவராகின்றனர். ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஒரே சொல்லில் கலந்துவிட்டன. உடையற்ற நிலையைக் குறிக்கும் 'நியூட்' என்ற சொல், துணி வணிகத்தில் ஒரு நிறத்தின் பெயராயிற்று. எவருடைய தோலின் நிறம்? வெள்ளையர் தோலின் நிறம். அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இச்சொல்லுக்குத் தந்திருந்த அத்தகைய விளக்கத்தை, எதிர்ப்பின் பின் 2015இல் மாற்றியது. கிரேயோலா நிறுவனம் தன் வண்ணக்கோல்களில் 'சதை' என்று பெயரிட்டிருந்த நிறத்தை 1962இலேயே 'பீச்' என்னும் பழத்தின் பெயருக்கு மாற்றியது. நமது துணிக்கடைகளிலும் 'ஸ்கின் கலர்' என்று கேட்டால் எடுத்துத் தருவது வெளிறிய சந்தன நிறமே. கரிசல் மண்ணில் உழைக்கும் எவருடைய தோலும் அந்நிறமன்று. தன் தோல் தோலாகவே எண்ணப்படவில்லை என்ற செய்தியை ஒரு சொல் ஓசையின்றி அறிவித்துவிடுகின்றது.

பழந்தமிழ் மரபு இவ்வாறு இருக்கவில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவியின் இயல்பான அழகுநிறம் 'மாமை' எனப்படுகின்றது. உரையாசிரியர் அதனை மாந்தளிரின் நிறம் என்பர். தலைவனைப் பிரிந்த துயரால் அந்நிறம் கெட்டு வெளிறுவதே 'பசலை'. ஆகவே அன்று வெளிறுதல் நோயின் குறி; மாமை நலத்தின் குறி. இன்று நாம் 'மாநிறம்' என்று வழங்கும் சொல்லில் அப்பழைய அழகின் சாயல் இன்னும் ஒட்டியிருக்கின்றது. ஆயினும் வழக்கில் அது 'சிவப்பில்லை, ஆனால் கறுப்புமில்லை' என்ற சமாதானச் சொல்லாகச் சுருங்கிவிட்டது.

'சிவப்பு' என்ற சொல்லின் மாற்றமே நமக்கு முக்கியமானது. குருதியும் செம்மண்ணும் சிவப்பு. ஆனால் 'பெண் சிவப்பாக இருக்கிறாள்' என்றால் அது குருதிநிறமன்று. வெளுத்த நிறம் என்பதே பொருள். மணமகள் தேவை விளம்பரங்களிலும், பெண் பார்க்கும் பேச்சிலும் இது நிறத்தைக் கூறும் சொல்லாக இல்லாமல் தரத்தைக் கூறும் சொல்லாக நிற்கின்றது. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' பசையின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் 2020இல் நீக்கப்பட்டது. பெயர் மாறிற்று, பெண் பார்க்கும் கூடத்தில் கேட்கப்படும் வினா இன்னும் மாறவில்லை.

5. திருமறையில் நிறச் சொற்கள்

இப்பின்னணியோடு திருமறைக்கு வருவோம். 1 சாமுவேல் 16:12 தாவீதைச் 'சிவந்த மேனி' உடையவன் என்கின்றது. எபிரெயச் சொல் 'அத்மோனி'. இது பழைய ஏற்பாட்டில் ஏசாவுக்கும் தாவீதுக்கும் மட்டுமே வருகின்றது; செந்நிறம் என்பதே அதன் பொருள். வெளுத்த நிறம் என்ற பொருள் அதில் இல்லை. மந்தையின் பின்னே வெயிலில் திரிந்த இளைஞனின் செம்மை அது. நமது சபையாரோ 'சிவந்த மேனி' என்றதும் வெளுத்த நிறமுள்ள அழகனை எண்ணிக்கொள்கின்றனர். முகத்தைப் பாராமல் இருதயத்தைப் பார்க்கும் தெரிந்தெடுப்பைக் கூறும் அதே அதிகாரம், இவ்வாறு நிறத்திற்குப் பரிசளிக்கும் அதிகாரமாகத் திரிந்துவிடுகின்றது.

அத்மோனியின் வேரோடு தொடர்புடையவை 'ஆதாம்', 'அதாமா' என்பன. அதாமா என்பது நிலம். யூத வரலாற்றாசிரியர் யோசேபு, சிவந்த மண்ணிலிருந்து உருவாக்கப்பட்டதால் ஆதாமுக்கு அப்பெயர் வந்ததாகக் கூறுகின்றார். பாலஸ்தீனத்து மண்ணை அறிந்தவர் சிவந்த மனிதனைக் கண்டனர். கரிசல் நிலத்தில் நின்று இக்கதையைக் கூறுவோர், கறுத்த மண்ணிலிருந்து எடுத்த கறுத்த மனிதனைக் காட்டினால் மூலத்திற்கு மாறாகாது. மனிதன் தன் நிலத்தின் நிறத்தவன் என்பதே அச்சொல்லின் சுட்டு.

உன்னதப்பாட்டு 1:5இல் பெண் தன்னை 'ஷஹோரா', அதாவது கறுத்தவள், என்கின்றாள். அதனைத் தொடர்ந்து அழகைக் கூறும் சொல்லை இணைப்பது எபிரெயத்தின் ஓரெழுத்து இணைப்பிடைச்சொல். இது 'உம்' என்றும் பொருள்படும். 'ஆனால்' என்றும் பொருள்படும். கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு 'உம்' என்று கொண்டது. ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 'ஆனால்' என்று கொண்டது. நமது தமிழும் 'ஆயிருந்தாலும்' என்ற வழியில் சென்றது. 'கறுப்பும் அழகும்' என்பதற்கும் 'கறுப்பானாலும் அழகு' என்பதற்கும் எவ்வளவு தூரம்! முன்னது புகழ், பின்னது மன்னிப்பு. அடுத்த வசனம் காரணத்தையும் கூறுகின்றது: சகோதரர் அவளைத் திராட்சத்தோட்டங்களில் காவல் வைத்ததால் வெயில் அவளைக் கறுக்கச் செய்தது. அது பிறர்க்காக உழைத்த நிறம். பருத்திக் காட்டிலும், பட்டாசு ஆலையிலும் உழைக்கும் பெண்கள் நிறைந்த சபையில் இதனைக் கூறாமல் கடந்துபோவது தகாது.

கருமை திருமறையில் எங்கும் புகழாகவே வருகின்றது என்றும் கூறுவதற்கில்லை. புலம்பல் 4:8 பஞ்சத்தால் கரியினும் கறுத்த முகங்களைக் காட்டுகின்றது. ஆனால் அங்கே கருமை பசியின் விளைவு, பாவத்தின் குறியன்று. எண்ணாகமம் 12இல் மோசேயின் எத்தியோப்பிய மனைவியை முன்னிட்டு மிரியாம் பேசினாள். நிறமே காரணம் என்று பாடம் கூறவில்லை. எனினும் அதன்பின் அவள் உறைந்த மழையைப்போல வெளுத்தாள். அந்த வெண்மை நோய். ஏசாயா 1:18இல் பாவத்தின் நிறம் கறுப்பன்று, சிவப்பு. அது மாறி அடையும் வெண்மைக்கும் உறைந்த மழையே உவமை. ஆக, ஒரே வெண்மை ஓரிடத்தில் தண்டனை, மற்றோரிடத்தில் மன்னிப்பு. நிறங்களுக்குத் திருமறை நிலையான நன்மை தீமையை ஏற்றவில்லை என்பது இதனால் தெளிவு.

அவ்வாறிருக்க, பாவத்தைக் கறுப்பாகக் காட்டும் வழக்கம் நம்மிடையே எங்கிருந்து வந்தது? ஞாயிறு பள்ளிகளில் காட்டப்படும் 'சொல்லில்லாப் புத்தகம்' ஒரு வழி. 1866இல் இலண்டனில் ஸ்பர்ஜன் அதனைக் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்னும் மூன்று பக்கங்களோடு விளக்கினார். கறுப்புப் பக்கம் பாவம். இலண்டனில் அமர்ந்திருந்தோர் அதனைத் தம் தோலோடு ஒப்பிட்டிருக்கமாட்டார்கள். மல்லாங்கிணற்றில் அமர்ந்திருக்கும் பிள்ளை, பக்கத்தையும் தன் கையையும் மாறிமாறிப் பார்க்கக்கூடும். அப்பிள்ளைக்கு ஏசாயாவின் சிவப்பைக் காட்டுவதில் இழப்பொன்றுமில்லை. திருமறைக்கு நெருங்கி நிற்கும் நலமுண்டு.

6. சிலுவையும் தோலும்

நிறமும் உடையின்மையும் ஒருங்கே கூடும் இடம் சிலுவை. போர்ச்சேவகர் ஆண்டவரின் ஆடைகளைப் பங்கிட்டுக்கொண்டதை நான்கு நற்செய்தியாளரும் கூறுகின்றனர். உரோமர் குற்றவாளிகளை ஆடை களைந்தே சிலுவையில் அறைந்தனர். அவமானமும் தண்டனையின் ஒரு பகுதி. மேலே நாம் வகுத்த நான்கனுள் இது இரண்டனைச் சேர்ந்தது. வலியவர் வலிந்து களைந்தது. பிலிப்பியர் 2:7இன்படி அவர் தாமே தம்மை வெறுமையாக்கியதும்கூட. தோள்சீலை கிழிக்கப்பட்ட பெண்ணும், தோள்துண்டை இடுக்கிய உழவனும் அங்கே தங்களைக் காணலாம்.

ஆனால் நம் வீடுகளின் சுவரில் தொங்கும் படம் எது? வெளுத்த மேனி, பழுப்பு நிறத் தலைமயிர். வார்னர் சால்மன் 1940இல் அமெரிக்காவில் வரைந்த கிறிஸ்துவின் முகம் உலகெங்கும் அச்சிடப்பட்டு, நாட்காட்டிப் படங்களுக்கு முன்மாதிரியாயிற்று. நாட்காட்டி அச்சுக்குப் பெயர்பெற்ற சிவகாசியை அருகில் கொண்ட நமக்கு, ஒரு படத்தின் தோல்நிறம் மை கலப்பவரின் தெரிவு என்பது புதிய செய்தியன்று. யூதேயாவின் வெயிலில் நடந்த தச்சரின் நிறம் நமது மாநிறத்திற்கு நெருங்கியது என்று கூறுவது கற்பனையன்று. மேற்காசியாவின் மக்களை அறிந்தவர் எவரும் ஒப்புவது. வெளுத்த தோல் அப்படத்தில் மற்றோர் ஆடையாக மாறி, ஆண்டவரின் உண்மையான தோலை மறைத்துவிடுகின்றது.

இவ்வாராய்ச்சி பயன்படவேண்டிய இடம் தீக்காய மருத்துவப் பிரிவு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முன்னும் பின்னும் விபத்துகள் பல. தீக்காயமடைந்தவர் மேல் ஆடை ஒட்டுமாதலால், அவர்களை ஆடையின்றிப் போர்வையின் கீழ்க் கிடத்துவர். ஆறிய பின்னும் ஆழமாக வெந்த இடத்தில் நிறம் தரும் உயிரணுக்கள் அழிந்து, தோல் வெண்திட்டாகவோ கருந்திட்டாகவோ நின்றுவிடும். அதைக் கண்டு 'வெண்குஷ்டம்' என்று ஒதுங்குவோரும் உண்டு. வெண்புள்ளி தொழுநோயன்று; தீத்தழும்போ நோயே அன்று. அக்கட்டிலருகே நிற்கும் போதகரின் வாயில் எச்சொல் வருகின்றது என்பதில், அந்நோயாளி தம்மை மனிதராக எண்ணுவதும் எண்ணாததும் ஒருபங்கு தங்கியிருக்கின்றது.

ஆதியாகமம் 3:21இல் கடவுள் மனிதனுக்குத் தோல் உடைகளை உடுத்துகின்றார். எபிரெயத்தில் 'ஓர்' என்று ஒலிக்கும் சொல், ஓரெழுத்து வேற்றுமையால் தோலையும் குறிக்கும், ஒளியையும் குறிக்கும். ரபி மேயீரின் ஏட்டில் அவ்விடத்தில் 'ஒளியின் உடைகள்' என்று இருந்ததாக யூத மரபு கூறுகின்றது. பாடம் எதுவாயினும், உடுத்துபவர் கடவுள் என்பது மாறவில்லை.

முடிவாக, திருப்பணியாளர் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைத் தொகுத்துரைப்போம். உடையின்மை வரும் பகுதியில் களைந்தவர் யார் என்று முதலில் வினவி, அதற்கேற்ற சொல்லைத் தெரிந்துகொள்க. ஏழையைக் கூறும்போது 'வஸ்திரமில்லாத' அல்லது 'உடுக்க உடையற்ற' என்க; உழைப்பவனைக் கூறும்போது 'வெற்றுடம்பு' என்க; 'அம்மணம்' என்பதை மேடையில் தவிர்க்க. தாவீதின் சிவப்பைச் செம்மண்ணின் சிவப்பாக விளக்குக. உன்னதப்பாட்டை வாசிக்கும்போது 'கறுப்பும் அழகும்' என்ற பாடத்தையும் கூறுக. பாவத்திற்குக் கறுப்பை உவமையாக்கும் முன், எதிரே அமர்ந்திருப்போரின் முகங்களை ஒருமுறை நோக்குக. சொல்லைத் திருத்துவதால் மட்டும் சாதியும் நிறப்பெருமையும் ஒழிந்துவிடா. ஆயினும் பலிபீடத்தருகிலிருந்து வரும் சொல், காயப்பட்ட தோலின்மேல் மீண்டும் ஒரு காயமாக விழாதிருக்கச் செய்வது நமது கையில் உள்ளது.